கம்பி எட்டாத இடத்தில் கரண்ட்: பெட்டியா, இன்ஜினா?

அண்ணாகிராமம் ஒன்றியத்தில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர் யார் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவே, தென்பெண்ணையையும் கெடிலத்தையும் நம்பிக் கரும்பும் நெல்லும் கத்தரியும் போடுகிற பூமி இது. ‘கேம்பிங்’ என்பதெல்லாம் ஏலகிரிக்கும் கொழுக்குமலைக்கும் பைக்கில் போகும் சென்னைப் பிள்ளைகளின் விஷயம். ஆனால் வெட்டவெளியில் இரவு தங்குகிறவர்களுக்கு இந்தப் பக்கம் என்றைக்கும் பஞ்சமில்லை. அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள், வாத்து மேய்க்கிறவர்கள், பலா சீசனில் தோப்புக் காவல் இருப்பவர்கள் எல்லாம் அப்படித்தான். ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டம் ஒரு பக்கம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமியோடு வருகிறவர்களும், தைப்பூசத்துக்கு வடலூரில் கிடைத்த இடத்தில் துண்டை விரிப்பவர்களும் இன்னொரு பக்கம். இவர்களுக்கெல்லாம் விளக்கு வேண்டும், போனுக்கு சார்ஜ் வேண்டும், சிலருக்கு மைக் செட்டும் வேண்டும்.

இவர்கள் விரும்பி வெளியே தங்குகிறவர்கள். புயல் அடித்தால் ஒன்றியம் முழுக்கச் சொந்த வீட்டுக்குள்ளேயே கூடாரவாசியாகிவிடும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரை கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே வேகத்தில் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் முறிந்தன. வேறு மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து குவிந்து வேலை செய்தும், உள்ளடங்கிய கிராமங்களுக்கு கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. பண்ருட்டியைத் தாண்டினால் நெய்வேலி. 1962 முதல் தென்னிந்தியாவுக்கே மின்சாரம் அனுப்பும் ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மெழுகுவத்தி தேடி அலைந்தவர்கள் இந்த ஜனங்கள். அன்றைக்குக் குடிநீர் கிடைத்ததே ஜெனரேட்டரால்தான். லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், முறை வைத்து, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்த கடைகளில் காசு வாங்கிக்கொண்டு செல்போனுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. கைப்பிடி வைத்த ஒரு பெட்டி, உள்ளே லித்தியம் பேட்டரி, முகப்பில் நாலைந்து பிளக் பாயின்ட், மீதி எவ்வளவு என்று சதவீதத்தில் காட்டும் திரை. ‘போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்’ என்ற பெயரில் ஜாக்கரி, ஈகோஃப்ளோ, புளூட்டி போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் இதை உலகமெங்கும் பரப்பின. இந்தியாவிலும் ஆம்பிரேன், எஸ்ஆர் போர்ட்டபிள்ஸ் போன்றவை விற்கின்றன. ஆக, வெளியில் தங்கப் போகிறவருக்கும் புயலுக்குப் பயப்படுகிறவருக்கும் இப்போது ஒரே கேள்விதான்: கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன ஜெனரேட்டரா, சத்தமில்லாத பெட்டியா? கடைக்காரரிடம் கேட்டால் எது கையிருப்பில் இருக்கிறதோ அதைச் சொல்வார். இணையத்தில் தேடினால் அமெரிக்கக்காரர் குளிர்காலத்துக்கு எழுதியது வரும். நம் ஊர்க் கணக்கு வேறு.

வாட் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டு எல்இடி பல்பு, ஒன்பது ஒன்பது வாட், ஐந்து மணி நேரம்: 90 வாட்-மணி. பிஎல்டிசி மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட், ராத்திரி ஒன்பது மணி நேரம்: 270. நாலு போனுக்குச் சேர்த்து 70. ஏசியாக மாற்றுவதில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் இரவு சுமார் 500 வாட்-மணி, அதாவது அரை யூனிட். ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பெட்டி இரண்டு இரவு தாங்கும். அதே வீட்டில் பழைய 75 வாட் சீலிங் ஃபேன் ஓடினால் ஃபேனுக்கு மட்டும் 675. அப்போது பெட்டி ஓர் இரவைத் தாண்டுவதே சிரமம். அறுபதாயிரம் எழுபதாயிரம் கொடுத்துப் பெரிய பெட்டி வாங்க நினைப்பவர் மூவாயிரம் ரூபாய்க்குள் ஃபேனை மாற்றினால், கையில் இருக்கும் பெட்டியே ஒரு இரவு கூடுதலாக ஓடும். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இந்த அரை யூனிட் வேலைக்கு ஜெனரேட்டர் லாயக்கில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறத்தாழ ஒன்பது யூனிட் வெப்பசக்தி அடங்கியிருக்கிறது. நல்ல இன்வெர்ட்டர் வகைச் சின்ன ஜெனரேட்டர் முழு லோடில் ஓடினால் அதில் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் கரண்டாக வரும். கால் லோடில் ஒரு யூனிட். இரண்டு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் சாதாரண ஜெனரேட்டரை ராத்திரி முழுக்க ஓடவிட்டால், லிட்டருக்குக் கால் யூனிட், மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு யூனிட்தான் தேறும். மீதியெல்லாம் சைலன்ஸர் வழியாகச் சூடாகவும் சத்தமாகவும் போகிறது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், முழு லோடில் யூனிட் அறுபது ரூபாய்க்கு மேல், சின்ன லோடில் முந்நூறுக்கு மேல். மின்வாரியத்தின் உச்சப் படிக் கட்டணமே பன்னிரண்டு ரூபாயை ஒட்டித்தான் இருக்கிறது.

ஆனால் மோட்டார் என்று வந்துவிட்டால் பெட்டி திணறும். வீட்டு போரில் இருக்கும் ஒரு எச்பி சப்மெர்சிபிள் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல் இழுக்கும். கிளம்புகிற நொடியில் அதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு கேட்கும். ஆயிரம் வாட் பெட்டி அந்த நொடியிலேயே ‘ஓவர்லோட்’ என்று திரையில் காட்டிவிட்டு அணைந்துவிடும். இரண்டாயிரம் வாட் பெட்டி வாங்கிக் கிளப்பிவிட்டாலும், அரை மணி நேரம் தண்ணீர் இறைத்தால் அரை யூனிட்டுக்கு மேல் போய்விடும், ஓர் இரவு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வைத்திருந்தது. மிக்ஸி பரவாயில்லை, 750 வாட்டானாலும் ஐந்து நிமிட வேலை. கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடினாலும் இழுப்பது 150 வாட்தான். இட்லி மாவு அரைக்கப் பெட்டி தாராளமாகப் போதும். இண்டக்ஷன் அடுப்பு, ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்ற சூடு கொடுக்கும் சாமான்களைப் பெட்டியில் மாட்டுவது காசைக் கரைக்கும் வேலை. வெளியில் சமைக்க கேஸ் இருக்கிறது, விறகு இருக்கிறது.

பஞ்சாயத்துத் தொட்டியின் மோட்டாருக்கு இரண்டுமே உதவாது. அது ஐந்து எச்பி, ஏழரை எச்பி த்ரீ ஃபேஸ். அதற்கு டீசல் செட், குறைந்தது பத்துப் பதினைந்து கேவிஏ வேண்டும். கையில் தூக்குகிற எந்த இயந்திரமும் தானே புயலின் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்திருக்காது.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நம் பக்கம் ராத்திரி முழுக்க நடக்கும் தெருக்கூத்துக்கு வெளிச்சம் கொடுத்தது ஒரு காலத்தில் பெட்ரோமாக்ஸ். 1910 வாக்கில் ஜெர்மனியின் எரிக் அண்ட் கிரேட்ஸ் கம்பெனியிலிருந்து கிளம்பிய அந்த மண்ணெண்ணெய் விளக்கு தென்னாற்காட்டுக் கிராமங்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தலையில் ஏறி ஊர்வலம் போனது. அப்புறம் ட்யூப்லைட் வந்தது, கூடவே ஜெனரேட்டரும் வந்தது. ஹோண்டா 1965இல் இ300 என்ற கையடக்க ஜெனரேட்டரைச் சந்தைக்கு விட்டது. இந்தியாவில் எண்பதுகளின் பிற்பகுதிக்கு மேல் ஸ்ரீராம் ஹோண்டாவும் பிர்லா யமஹாவும் கடைத்தெருக்களில் பரவின. பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் மாடலுக்குத்தான் நம் பக்கம் மவுசு. ரேஷன் மண்ணெண்ணெய் சுருங்கியதும் அந்த லாபமும் போயிற்று.

கூத்து நடக்கும் இடத்தில் ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே அதன் குறை விளங்கிவிடும். களரியிலிருந்து நூறடி தள்ளி, கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம், ஒயரை நீளமாக இழுத்து வைத்திருப்பார்கள். முகவீணையின் மெல்லிய இழுப்பும் ஹார்மோனியமும் அந்தத் தடதடப்புக்குப் பக்கத்தில் எடுபடாது. இப்போது விளக்கெல்லாம் எல்இடி, மைக் ஆம்ப்ளிஃபயரும் இலேசாகிவிட்டது. எல்லாம் சேர்ந்து முந்நூறு வாட்டுக்குள் அடக்கினால், பத்து மணியிலிருந்து விடியும் வரை இரண்டரை யூனிட். அதற்கு மூன்று யூனிட் பெட்டி வேண்டும். இன்றைய விலையில் ஒரு கூத்துக் குழுவால் வாங்க முடிகிற தொகை அல்ல அது. வேளாங்கண்ணி நடைபயணக் குழுவுக்குக் கணக்கு வேறுமாதிரி. சப்பரத்தின் சீரியல் செட்டும் ஸ்பீக்கரும் சாயந்திரம் நாலைந்து மணி நேரம்தான் ஓடும். பகல் வெயிலில் மண்டபத்திலோ கோயில் வளாகத்திலோ படுத்து எழும் நேரத்தில் பெட்டியைப் பிளக்கில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அங்கே பெட்டி ஜெயிக்கிறது. வழியெல்லாம் புகையை முகர்ந்துகொண்டு நடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆட்டுக்கிடைக்காரருக்கு இரண்டும் தேவையில்லை. ஒரு டார்ச், ஒரு போன், ஒரு சின்ன ரேடியோ. நாளைக்கு முப்பது வாட்-மணி. இருபதாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க்கும் இருபது வாட் சோலார் தகடும் போதும். சந்தையில் நடக்கும் ‘பெட்டியா, இன்ஜினா’ வாக்குவாதம் அவர் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. வெளியே தங்கப் போகிற நகரத்துக்காரர்களில் பாதிப் பேருக்கும் இதே பதில்தான்.

புகை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் இன்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவருக்குத் தலைவலி கூடத் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அமெரிக்காவில் சின்ன ஜெனரேட்டர்களால் ஆண்டுக்கு நூறு பேர் அளவில் இப்படிச் சாவதாக அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. வீட்டிலிருந்து இருபதடியாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது அவர்கள் அறிவுரை. மழை பெய்கிறதே என்று திண்ணைக்கோ மாடிப்படிக்கு அடியிலோ இழுத்து வைப்பது நம் பழக்கம். புயல் நேரத்தில் ஜன்னலையும் சாத்திவிடுவோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பெட்டியும் பசு இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். லித்தியம் தீ தண்ணீர் ஊற்றினால் சட்டென்று அடங்காது. இதில் ரசாயனம் முக்கியம். நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகை கனம் குறைவு, ஆனால் சூட்டுக்குச் சீக்கிரம் ஆத்திரப்படும். ஆயுளும் ஐந்நூறு முதல் எண்ணூறு சார்ஜ்தான். லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் வகை கனம் கூட, நிதானம் கூட, மூவாயிரம் சார்ஜ் தாண்டும். அதை உலகுக்குச் சொன்ன 1997ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை டெக்சாஸில் ஜான் குடினஃபின் ஆய்வகத்திலிருந்து வந்தது. கட்டுரையின் முதல் இரண்டு பெயர்களும் பாதி, நஞ்சுண்டசுவாமி என்ற இந்தியர்களுடையவை. லித்தியம் பேட்டரிக்கான 2019 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் குடினஃபும் ஒருவர். கடலூர் வெயிலுக்கு இந்த இரண்டாவது வகையைத் தவிர வேறு எதையும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. மே மாதத்தில் கதவு சாத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் எந்த வகையும் கெடும். பிஐஎஸ் முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இல்லாத லித்தியம் சரக்கை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

காட்டில் தங்குவோர் விஷயத்தில் வாதமே கிடையாது. 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் மாண்டபின் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை முறைப்படுத்தித் திறந்தபோதும் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். காய்ந்த புல்லுக்கு நடுவே பழுக்கக் காய்ந்த சைலன்ஸரோடு ஓர் இன்ஜினை வைப்பதை எந்த வனக்காவலரும் விடமாட்டார், விடவும் கூடாது.

இதுவரை சொன்னதில் பெட்டிக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. நாட்கள் கூடக் கூட நிலைமை மாறும். பெட்டி என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி. நிரப்ப எங்கோ ஒரு குழாய் வேண்டும். கரண்ட் போய் மூன்றாம் நாள் காலி. சோலார் இருக்கிறதே என்பார்கள். நூறு வாட் தகடு நல்ல வெயில் நாளில் 400 வாட்-மணி தரும். மேகமூட்டத்தில் நூறு வந்தால் பெரிது. புயல் கடந்தபின் ஓரிரு நாளில் வானம் வெளுத்துவிட்டால் தப்பித்தோம். ஆனால் 2015 நவம்பரில் அப்படியா இருந்தது? மழை விட்டுவிட்டு வாரக்கணக்கில் பெய்தது. 9ஆம் தேதி வெள்ளத்தில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் போன்ற பண்ருட்டி பக்கத்து ஊர்களில் உயிர்களே போயின. 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயலின் மழைக்குப் பின், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தபோது தென்பெண்ணைக் கரை ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்போது எந்த இயந்திரமானாலும் மாடியில் இருந்தால்தான் மிஞ்சும்.

இன்ஜினுக்கும் குழாய் வேண்டும், அதன் பெயர் பெட்ரோல் பங்க். புயலுக்கு மறுநாள் பங்கிலும் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் வைத்திருக்கும் பங்கில் வரிசை ரோட்டைத் தாண்டும். சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம் என்று 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் சொன்னாலும், பாட்டிலையோ பிளாஸ்டிக் கேனையோ நீட்டினால் பங்கில் ஊற்ற மாட்டார்கள். எரிபொருளே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2022இல் பார்த்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. வீட்டில் ஜெனரேட்டர் இருந்தவர்களும் டீசலுக்கு வரிசையில் நின்றார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளின் முற்பகுதியில் மின்சாரமும் பெட்ரோலும் தடைபட்ட வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். சில துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். வீட்டு வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. கையில் இருப்பதற்கு ஏற்பத் தேவையைச் சுருக்குவதை அவர்கள் அளவுக்குக் கற்றவர்கள் குறைவு.

இனி விலை. ஒரு யூனிட் பெட்டி எழுபதாயிரம் என்று வைப்போம். மூவாயிரம் முறை ஏற்றி இறக்கினால் சுமார் 2,500 யூனிட். யூனிட்டுக்கு 28 ரூபாய். மோசமில்லை. ஆனால் வருடத்துக்கு இருபது இரவு மட்டும் எடுத்தால், பத்து வருடத்தில் 170 யூனிட். அப்போது யூனிட் 400 ரூபாயைத் தாண்டும். முப்பதாயிரம் ரூபாய் ஜெனரேட்டரை அதே 170 யூனிட்டுக்கு முழு லோடில் ஓட்டினால், பெட்ரோலையும் சேர்த்து 250 ரூபாயை ஒட்டி வரும். எப்போதாவது தேவைப்படுகிறவருக்கு இன்ஜின்தான் மலிவு, தினமும் வேலை வாங்குகிறவருக்குப் பெட்டி மலிவு என்று காகிதம் சொல்கிறது.

காகிதத்தில் வராத ஒன்று உண்டு. எப்போதாவது ஓடும் இன்ஜின், தேவைப்படும் நாளில் ஓடாது. பதினோரு மாதம் மூலையில் கிடந்த ஜெனரேட்டரை மெக்கானிக் பட்டறையில் பிரிக்கும்போது பார்த்தால் தெரியும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியதும் பெட்ரோலுக்குப் பதில் வார்னிஷ் போல மஞ்சள் பிசின். ஜெட்டின் ஊசித்துளை அடைந்திருக்கும். மெக்கானிக் ஒரு மெல்லிய கம்பியை அதில் விட்டு, வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலேயே எத்தனால் காய்ச்சுகிறார்கள், ஆகவே அதில் நம் கரும்பும் கொஞ்சம் இருக்கலாம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் அடியில் தண்ணீர் பிரியும், ரப்பர் ஊறும். மாதம் ஒருமுறை கால் மணி நேரம் லோடு போட்டு ஓட்டி, நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடி கார்புரேட்டரைக் காயவிட்டால் இந்தத் தொல்லை வராது. அதை ஒழுங்காகச் செய்யும் வீடு ஊருக்கு ஒன்று தேறாது.

பழுது என்று வந்தால் மட்டும் இன்ஜின் நம்முடைய ஆள். பண்ருட்டியிலும் நெல்லிக்குப்பத்திலும் அதைப் பிரித்துச் சேர்க்கக் கைகள் இருக்கின்றன. பெட்டியைத் திறக்க யாருமில்லை. உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு போனால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கனமான லித்தியம் பேட்டரியை எடுத்துக்கொள்ள கூரியர்க்காரர் தயங்குவார். பெட்டி வாங்குமுன் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்பது, எத்தனை வாட் என்று கேட்பதைவிட முக்கியம்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்து நான் வந்து சேர்ந்த இடம் இது: பேட்டரியைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், இன்ஜினை வாடகைக்கு எடுங்கள் அல்லது பலரோடு பங்கு போட்டு வாங்குங்கள். பேட்டரி தினமும் வேலை செய்தால்தான் போட்ட காசு திரும்பும். இன்ஜின் பல கைகளில் ஓடினால்தான் உயிரோடு இருக்கும். பந்தல்காரரும் சவுண்ட் சர்வீஸ்காரரும் வைத்திருக்கும் ஜெனரேட்டர் சாகாமல் இருப்பது வாரம் ஒரு காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று அது ஓடிக்கொண்டே இருப்பதால்தான்.

பேட்டரி என்றதும் புதுப் பெட்டிதான் என்றில்லை. சென்னைக்கு வெளியே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன 2012இல் நம் வீடுகள் வாங்கிப்போட்ட இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பேரளவில் 1.8 யூனிட், பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு எட்டுவது ஒரு யூனிட்டை ஒட்டி. அறுபது கிலோவை வயலுக்கோ கடற்கரைக்கோ தூக்க முடியாது என்பதுதான் குறை. அது தேய்ந்து மாற்ற வேண்டிய வருடம் வரும்போது லித்தியம் பக்கம் யோசிக்கலாம். பத்துப் பதினைந்து கிலோ பெட்டி வீட்டில் இன்வெர்ட்டர் வேலையும் பார்க்கும், தைப்பூசத்துக்கு வடலூருக்கும் வரும். இன்னொரு வழி வாசலிலேயே நிற்கத் தொடங்கியிருக்கிறது. டாடாவின் நெக்ஸான் மின்காரிலும் ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் செய்யும் கிரெட்டா மின்காரிலும் காரிலிருந்தே 230 வோல்ட் எடுக்கும் வசதி உண்டு. நாற்பது யூனிட் சொச்சம் பேட்டரி, மூன்று கிலோவாட் சொச்சம் சக்தி. கிளம்பும் நொடியின் இழுப்பைத் தாங்கினால் போர் மோட்டாரையும் பார்த்துக்கொள்ளலாம். தெருவில் ஒருவர் வாங்கினால் தெருவுக்கே ஆகும், அவர் மனம் வைத்தால்.

இன்ஜினில் பங்கு போடுவது எப்படி என்பதற்கு ஒரு கணக்கு. பத்து வீடு சேர்ந்து மூன்று கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று. வீட்டுக்கு அரை மணி நேரம் மோட்டார் ஓட்டினால் மாடித் தொட்டி நிரம்பும், கூடவே பேட்டரியும் கொஞ்சம் ஏறும். மொத்தம் ஐந்து மணி நேரம், ஆறேழு லிட்டர் பெட்ரோல், வீட்டுக்கு எழுபது ரூபாய்க்குள். முழு லோடில் ஓடுவதால் பெட்ரோல் வீணாவதும் குறைவு. சாயந்திரம் ஆறு மணிக்கு நிறுத்திவிடலாம். ராத்திரி வெளிச்சத்தையும் காற்றையும் பேட்டரி பார்த்துக்கொள்ளும், பிள்ளைகள் சத்தமில்லாமல் தூங்கும். ஆஸ்துமாவுக்கு நெபுலைசர் வைப்பவருக்கு இது போதும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருக்கும் வீடு இந்தக் கூட்டில் சேராது. அது முந்நூறு வாட்டுக்கு மேல் விடாமல் இழுக்கும், ஒரு யூனிட் பெட்டி மூன்று மணி நேரம்கூட வராது. புயல் செய்தி வந்ததுமே நோயாளியை டவுனுக்குக் கொண்டுபோவதுதான் சரி.

வீட்டோடு இணைக்கும் விதத்தில் மட்டும் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது. இரண்டு பக்கமும் ஆண் பிளக் போட்ட ஒயர் ஒன்றைத் தயார் செய்து, ஜெனரேட்டரிலிருந்து நேராக வீட்டு சாக்கெட்டில் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். மெயின் ஆஃப் செய்ய மறந்தால் அந்த கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக லைனில் நிற்கும். எங்கோ கம்பத்தின் மேல், லைன் ஆஃப் ஆகியிருக்கிறது என்று நம்பி இரவு பகலாக வேலை செய்கிற வயர்மேனின் கை அதில் படும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றை எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிட்டால் மெயினும் ஜெனரேட்டரும் ஒன்றாகச் சேரவே முடியாது. அது இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நேராக ஃபேனையும் விளக்கையும் மாட்டுங்கள், வீட்டு ஒயரிங்கைத் தொட வேண்டாம்.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே கடையில் பேசி, சிறிதாவது முன்பணம் கொடுத்துவிடுவது நல்லது. லேபிளில் உள்ள உச்ச சக்தியைப் பார்க்காமல் தொடர்ந்து தரும் சக்தி எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் மோட்டாரையே மாட்டி ஒருமுறை கிளப்பிப் பாருங்கள். பெட்ரோல் யார் பொறுப்பு, நடுவில் நின்றுபோனால் ஆள் வருவாரா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய செய்தி வந்த பிறகு போனால், கடைக்காரரின் ஜெனரேட்டர்களெல்லாம் கல்யாண மண்டபத்துக்கும் செல்போன் டவருக்கும் போயிருக்கும்.